காசு வாங்காமல் கொடுத்த கத்தி

என் மாமனார் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். யார் தட்டில் என்ன மிச்சமிருந்தாலும் சரி. டக் என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே மாமியார் எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது தெரியாது. ரகு என்று அவர்கள் சொல்லும் ஆட்டுக்கறிக் குழம்பில் நல்ல நல்லி எலும்பு ஒன்று என் பங்குக்கு வந்திருந்தது. நல்லதைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிடுகிற ஆள் நான், அதனால் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். டக். மாமியார் என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புது மாப்பிள்ளை, எலும்பைக் கொடுங்கள் என்று சமையலறைக்குப் பின்னால் ஓட முடியுமா? பேசாமல் கையைக் கழுவிக்கொண்டேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். என் மாமனார் அசல் சொல்தா. பிரான்சில் ஏதோ ஒரு மலையூர் முகாமில் பல வருஷம் இருந்திருக்கிறார். அந்த ஊர் விவசாயிகள் ஆளுக்கொரு மடக்குக் கத்தியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்களாம். சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டுப் பெரியவர் தன் கத்தியைத் திறப்பார். பிறகு மற்றவர்கள் திறப்பார்கள். அவர் மடக்கினால் எல்லோரும் எழுந்து வயலுக்குப் போக வேண்டியதுதான். இவருக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. சாப்பிட்டு எழுந்தால் ஈசிச்சேரில் சாய்ந்து சாயங்காலம் வரைக்கும் குறட்டை. இருந்தாலும் அந்த வழக்கத்தை மட்டும் கப்பலேற்றிப் பத்திரமாகப் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, புதுச்சேரியின் தமிழர் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

நான் மெதுவாகச் சாப்பிடுகிறவன் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எப்போது கறியில் கை வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்து மடக்குவார். பட்டாளத்தில் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. ஆரம்பத்தில் என் மனைவி கொஞ்சம் கறியைக் கிண்ணத்தில் எடுத்து ஒளித்து வைத்து, அவர் குறட்டை கேட்டதும் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது வருஷம் அந்தக் கிண்ணம் வருவது நின்றுபோனது. நானும் கேட்கவில்லை.

அவளைக் கட்டிக்கொண்டது காதல் கல்யாணம். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துப் பட்டறையில் ஃபிட்டர். அவள் கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருந்தாள். விடுதியின் பழைய இரும்பு கேட்டுக்குக் கீல் மாற்றப் போனவன், ஒரு நாள் வேலையை ஒரு வாரம் இழுத்தேன். அவள் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், இவர் இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்து சாதித்தவள் அவள்தான். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற பெண்ணுக்கு ஊரில் எத்தனை வரன் வரும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர், என்ஜினீயர் எல்லாம் வரதட்சணையே வேண்டாம் என்று வரிசையில் நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு, சேதராப்பட்டுப் பக்கத்தில் பாதி நிலம் தொழிற்பேட்டைக்குப் போன ஒரு வீட்டுப் பிள்ளையை அவள் பிடித்துக்கொண்டாள். என் மாமனார் மன்னிப்பாரா?

எங்கள் ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். "பொண்ண எங்க கட்டுனான், பாஸ்போர்ட்ட இல்ல கட்டிக்கிட்டான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆசை இருந்தது. யாருக்குத்தான் இல்லை? தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்சிலிருந்து சம்பளமும் பென்ஷனும் வந்து மாடி எழும்புகிற ஊரில், நான் மட்டும் புத்தர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமா? அவள் முதலில் பிரான்ஸ் போய் அண்ணனோடு தங்கி வேலை தேடிக்கொள்வது, பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொள்வது என்று கல்யாணத்தின்போதே பேச்சு. அதனால் பேப்பர் என்ன ஆயிற்று, எங்கே நிற்கிறது என்று தினமும் கேட்பேன். ஞாயிறு மார்க்கெட்டில் ஒரு கனத்த குளிர் கோட்டு மலிவாகக் கிடைத்தது. வாங்கிவந்து அக்னி நட்சத்திர வெயிலில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். வியர்வை ஆறாக ஓடியது. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல வேடிக்கை என்று நினைத்து நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் ஆண்பிள்ளையாக மதிக்கப்பட வேண்டுமானால் சொந்தக் கத்தி வேண்டும். பெண்களுக்குக் கத்தி கிடையாது. அவர்களுக்கு அரிவாள்மணை இருக்கிறதாம். மாமனாரிடம் ஒன்று, பிரான்சில் இருக்கிற மச்சானிடம் ஒன்று. இரண்டும் அந்த மலையூரில் ஒரே ஆள் உட்கார்ந்து, அலகு தீட்டுவதிலிருந்து ஆணி அடிப்பது வரைக்கும் தானே செய்தவை. கொடுப்பவரின் கையில் ஒரு காசு வைத்துவிட்டுத்தான் கத்தியை வாங்க வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருந்தது. அப்படி மாமனாரிடம் கத்தி வாங்கியவர்கள் வைத்த காசெல்லாம் ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கிடந்தது. மகன் வைத்தது, செத்துப்போன தம்பி வைத்தது, அதே தெருவில் இருந்த இன்னொரு சொல்தா வைத்தது. எங்கள் பக்கத்தில் நாற்று வாங்கினாலும் மருந்து வாங்கினாலும் சும்மா வாங்கக் கூடாது என்று ஒரு ரூபாய் வைப்போமே, அந்த மாதிரி ஒப்புக்கு வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு எப்ப மாமா கத்தி?" என்று ஒரு தீபாவளிக்குக் கேட்டே விட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு மாப்ள? கையாலயே நல்லாத்தான கிழிக்கிறீங்க" என்று நான் பிய்த்துப்போட்டிருந்த நீள ரொட்டியைக் காட்டினார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மரியாதைக்குக் குறைவே வைக்க மாட்டார் அந்த மனிதர். வாங்க, போங்க, மாப்ள, எல்லாம் இருக்கும். கன்னத்தில் அறைந்துவிட்டுக் கைக்குட்டை கொடுக்கிற மரியாதை.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு மத்தியானம் என் மனைவி ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள். என் வலது கையைத் தாளின் மேல் விரித்து வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு விரலையும் சுற்றிப் பென்சிலை ஓட்டினாள். பட்டறை வேலையில் என் கட்டைவிரல் நகம் ஒன்று சப்பிப்போயிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, நகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் வரைந்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"உங்களுக்கும் கத்தி வருது. கை அளவு கேட்டிருக்காங்க. புடி கொம்புலயா, மரத்துலயா?"

"மாமா எதுல வெச்சிருக்காரு?"

"கொம்பு."

"அப்ப கொம்பு" என்றேன். அவர் கடைசியில் இறங்கிவந்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணே கலங்கியது. யார் ஆர்டர் கொடுத்தது, யார் காசு என்று கேட்கத் தோன்றவில்லை. கத்தி கொடுப்பது அவர். வேறு யார் கொடுக்க முடியும்? அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம், "எல்லாம் சரியாயிடுச்சி, எனக்கும் கத்தி செய்யச் சொல்லிட்டாங்க" என்றேன். கத்தி எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. பாவம், எங்கே போய்ச் சொல்லிப் புரியவைப்பது.

ஒரே ஆள் செய்வதால் மாதக்கணக்கில் ஆனது. ஆகஸ்டில் மச்சான் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். அவர் திரும்பும்போது என் மனைவியையும் கூட்டிப்போவதாக டிக்கெட் போட்டாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எனக்குக் கத்தி கொடுப்பது என்று ஏற்பாடு. நான் பட்டறையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசைப் பாலீஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்தேய் என்று தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தேன். சொல்தாக்களின் பிராங்குக் காசெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எனக்குப் பரிமாறுவதற்காக என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மாமனார் எழுந்து பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு தோல் உறையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். கறுத்த கொம்புப் பிடி. நுனியில் மட்டும் தேன் நிறம். இரண்டு பக்கமும் பித்தளை. திறந்தேன். அலகில் என் பெயர் பொறித்திருந்தது. ஃபிட்டரின் கண் எங்கே போகும்? கொம்புப் பிடிக்கும் அலகைத் தாங்கும் முதுகு வில்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மயிரிழை கூட இல்லை. கையில் வைத்ததும், அது என் உள்ளங்கைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது மாதிரி உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, இனிமே நானும் பிரெஞ்சுக்காரன்தான்!" என்றேன்.

மச்சான் கைதட்டிச் சிரித்தார். நான் சட்டைப்பையிலிருந்து பளபள காசை எடுத்து மாமனார் பக்கம் நீட்டினேன். அவர் கை வாங்க நீண்டது. அப்புறம் என் தலைக்கு மேலாக எதையோ பார்த்தார். நீண்ட கை பின்னால் போனது.

"வேணாம் மாப்ள. வெச்சுக்குங்க."

"இல்ல மாமா, மொற இருக்குதே."

"மாப்ளகிட்ட காசு வாங்கினா நல்லாவா இருக்கும்? வெச்சுக்குங்க."

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எந்தத் தமிழன் வேறு மாதிரி எடுத்துக்கொள்வான்? மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வீடு, மாப்பிள்ளையிடம் கை நீட்டுமா? இரண்டு வருஷத்தில் அந்த மனிதர் என்னை மாப்பிள்ளையாக நடத்தியது இன்றைக்குத்தான் என்று மனது குளிர்ந்துபோனது. அன்று அவர் கத்தியை மடக்கவே இல்லை. நான் மூன்று துண்டு கறி சாப்பிட்டு, எலும்பை உறிஞ்சி, ரொட்டியால் தட்டை வழித்து, நானாக எழுந்த பிறகுதான் டக் என்றது. தூக்குக் கைதிக்குக் கேட்ட சாப்பாடு கொடுப்பார்களாமே.

இரண்டு நாள் கழித்து அவர்களைச் சென்னை விமானத்துக்கு ஏற்றிவிட வாடகைக் காரில் எல்லோரும் கிளம்பினோம். பெட்டிகளுக்கு நடுவில் என்னைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலாப்பட்டில் கார் நின்றது. அதே விமானத்தில் போகிற மாமனாரின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே ஏறிக்கொண்டார். அவருக்கும் இரண்டு பெட்டி.

"எடம் பத்தல மாப்ள. நீங்க இங்கயே எறங்கிக்குங்க. பஸ்ஸு நெறய வரும்" என்றார் மாமனார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள், "வெயில்ல நிக்காதீங்க" என்றாள். இறங்கினேன். அவள் மடியில் இருந்த பையைச் சொந்தக்காரருக்காக நகர்த்தி வைத்தாள். கார் போனது. போனதும் போன் பண்ணு என்று கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்டிருக்காது.

அடுத்த வாரமே மாமனார், வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், நாலு நாள் உங்கள் ஊரில் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். நான் இரண்டு பையோடு போனேன். குளிர் கோட்டையும் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அந்தத் தெரு வழியாக சைக்கிளில் போகும்போது பார்த்தால், சுவரில் பழைய பாசி பழைய இடத்திலேயே இருந்தது. ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள எவனுடைய உதவியும் தேவையில்லை.

அவள் முதலில் வாரம் ஒருமுறை என் செல்போனுக்குக் கூப்பிட்டாள். அப்புறம் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. "பேப்பர் இன்னா ஆச்சு?" என்பேன். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள். அதற்குமேல் கார்டில் காசு தீர்ந்துவிடும். எனக்குப் பயம் வரும்போதெல்லாம் கத்தியை எடுத்துப் பார்ப்பேன். வெட்டிவிடப் போகிறவர்கள் கை அளவு எடுத்து, பெயர் பொறித்து, பிரான்சிலிருந்து கத்தி செய்து கொடுப்பார்களா? ஊரில் கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் காட்டினேன். அம்மாவிடம் கொடுத்தபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். "கைமேல குடுக்காத, கீழ வை. சண்ட வந்துடும்" என்றாள். கீழே வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "வெங்காயம் நறுக்கக்கூட ஒதவாது போல" என்றாள்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் லேத்துக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் வைத்தபோது என் கத்திக்கும் வைத்தேன். பொரி, கடலை, நடுவில் என் கத்தி. அலகும் பிடியும் சேருகிற இடத்தில் குங்குமம் புகுந்து வராமல் அடம்பிடித்தது. பூஜை முடிந்து சில நாளில், மாமனார் தெருவிலிருந்த அந்த இன்னொரு சொல்தா, தன் வீட்டுத் தண்ணி மோட்டாரின் ஷாஃப்டைக் கடையக் கொண்டுவந்தார். டீ நேரம். பையன்கள் எல்லோரும் கிளாசும் கையுமாக நின்றார்கள்.

"இன்னா மாப்ள, மாமனார் ஊட்ட விட்டுட்டு எங்க போயிட்ட?"

"வெள்ளையடிக்கிறாங்க. அப்புறம் நானும் பிரான்சு போறேன் இல்ல" என்று சொல்லி, கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "மாமா குடுத்தாரு. ஆயுத பூஜைக்குக்கூட வெச்சுப் படச்சேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் பார்த்தார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்குது, உன் மாமனார் குடுத்ததுதான். இதுமாதிரி பேரெல்லாம் இல்ல. இன்னா காசு வெச்ச?"

"வெச்சேன். அவருதான் வேணாம்னுட்டாரு. மாப்ளகிட்ட காசு வாங்கறதான்னு."

அவர் கத்தியைச் சுடச்சுட எதையோ தொட்டுவிட்டவர் மாதிரி கீழே வைத்தார். "வாங்கலியா? நீ குடுத்தும் வாங்கலியா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பொய்ப்பல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"டேய், கத்திய சும்மா குடுத்தா அது ஒறவ வெட்டிடும். அதுக்குத்தான் காசு. காசு வாங்கிட்டா அது குடுத்த கத்தி இல்ல, வித்த கத்தி. வித்தது வெட்டாது. பிரான்சுல இது கொழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சே ஒருத்தன் காசு வேணாம்னா, இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். உன்னத் தலமுழுகிட்டாங்கடா மாப்ள. நீ என்னடான்னா அதுக்குப் பொட்டு வெச்சுப் பொரி படச்சிருக்க!"

பையன்கள் முதலில் அடக்கிப் பார்த்தார்கள். அப்புறம் முடியவில்லை. ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் அவருடைய ஷாஃப்டைக் கடைந்து கொடுத்தேன். வேண்டுமென்றே ஒரு மயிரிழை அதிகமாகக் கடைந்தேன். அந்த மோட்டார் நிச்சயமாக ஒரு மாதம் ஓடியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் மாமனார் வீட்டுக்குப் போனேன். அவரும் மாமியாரும் மேஜையில் இருந்தார்கள். அவர் கத்தி திறந்திருந்தது.

"வாங்க மாப்ள. சாப்புடறீங்களா?"

நான் நேராகப் போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, என் ஐந்து ரூபாயைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டேன். கணீரென்று விழுந்தது. மாமியார், "ஐயோ" என்றார். மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டு என் காசைப் பொறுக்கி எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் மின்னியது. என் சட்டைப்பையில் அவரே போட்டார்.

"உங்களுது."

"நான் இன்னா பண்ணேன் மாமா? கல்யாணம் பண்ணதுலருந்து உங்க காலடியிலதான் கெடந்தேன். என்னை வெட்டிவுட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சி?" அவர் முன்னால் அழக் கூடாது என்றுதான் வந்திருந்தேன்.

அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"உங்கள எனக்குப் புடிக்காது மாப்ள. அத நான் மறச்சதே இல்ல. புடிக்காத ஆளுக்கு நான் ஏன் கத்தி செய்யச் சொல்லப் போறேன்? அது அவ காசு. ஓட்டல்ல நின்னு சம்பாரிச்சது. அவதான் ஆர்டர் குடுத்தா. அப்பா, உங்க கையால குடுங்க, காசு வாங்கிக்கிங்க, அப்பத்தான் அவரும் நம்ம ஊட்டு மனுசன்னு என்கிட்ட கெஞ்சினா. ஒத்துக்கிட்டேன். வாங்கறதுக்குத்தான் கைய நீட்டினேன். பாத்தீங்க இல்ல?"

"அப்புறம் ஏன் வாங்கல?"

"அவ பின்னால நின்னுக்கிட்டு வேணாம்னு தலய ஆட்டினா."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு யார் கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாமனார் கையைக் காட்டினார். "நீங்களே எடுங்க."

"அப்பா?" என்றாள்.

"நான்தான்."

அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க" என்றாள்.

"காசு விஷயம் தெரிஞ்சுபோச்சு. நீதானா?"

"ஆமா."

"என் கைய வச்சு வரைஞ்சியே. அப்பவே இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

"இல்ல." சட்டென்று சொன்னாள். "சத்தியமா இல்ல. அப்ப ஆசயாத்தான் வரைஞ்சேன். இத வாங்கினாவாச்சும் மனசு நெறஞ்சு என்னைப் பாப்பீங்கன்னு நெனச்சேன். கத்திய வாங்கினதும் நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா? இனிமே நானும் பிரெஞ்சுக்காரன்னீங்க. எங்கப்பாவப் பாத்து சொன்னீங்க, எங்கண்ணனப் பாத்து சிரிச்சீங்க. கத்திய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தீங்க. நான் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு வாட்டி திரும்பியிருந்தா போதும். நான் தலய ஆட்டுனது மேஜைல இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சுது, உங்களத் தவுர."

"சந்தோஷத்துல இருந்தேன்."

"தெரியும். கல்யாணத்தன்னிக்கிகூட உங்க மூஞ்சில அந்த சந்தோஷத்த நான் பாக்கல. அந்த நிமிஷம்தான் எனக்கு மனசு விட்டுப்போச்சி. நீங்க நல்லவருதான். ஆனா உங்களுக்கு நான் வேணாம், நான் போற ஊருதான் வேணும்."

இதற்கு நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். கேட்டுக்குக் கீல் மாற்ற ஒரு வாரம் இழுத்தவன் எந்த ஊருக்காக இழுத்தான் என்று கேட்டிருக்கலாம். அப்போது அவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதே எனக்குத் தெரியாது. அது உண்மை. அதைச் சொன்னால் அவள் நம்பியிருக்கவும் கூடும். வாயைத் திறந்தேன். மாமனாரும் மாமியாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப என் விசா?" என்றேன்.

இன்றைக்கு வரைக்கும் அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வருஷம் காத்திருந்தவன் கேட்கமாட்டானா? அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. கல்யாணமான புதிதில் நான் ஏதாவது உளறினால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன்.

"அப்பாகிட்ட போன குடுங்க" என்றாள்.

கொடுத்தேன்.